ஏரோசால் முறையில் ஈருலோக நானோ துகள்கள்

நம் நாட்டில் வெட்டி எடுக்கப்படாத உலோகங்கள் சிலவற்றை, நம் சாலைகளில் ஓடும் புதிய பெட்ரோல் கார் ஒவ்வொன்றும் சில கிராம் அளவில் சுமந்து செல்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்பன அவை. எஞ்சினிலிருந்து வெளிவரும் நச்சுப் புகையைத் தீங்கற்ற வாயுக்களாக மாற்றும் வினையூக்கி மாற்றியில் இவை அடங்கியுள்ளன. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு மட்டும் இச்சாதனம் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தபின், இவ்வுலோகங்களின் தேவை பன்மடங்கு விரிந்தது.

தேவை விரிந்த அளவுக்கு வழங்கல் விரியவில்லை. சுரங்கத்திலிருந்து கிடைக்கும் உலகப் பிளாட்டினத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்தும், பல்லேடியத்தின் பெரும்பகுதி ரஷ்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய இரு நாடுகளிலிருந்தும் வருகிறது. ஒடிசாவின் பௌலா–நுவாசாகி, தமிழ்நாட்டின் சித்தம்பூண்டி ஆகிய இடங்களில் பிளாட்டினக் குழும உலோகங்கள் பாறைகளில் காணப்படினும் அவை வணிக முறையில் தோண்டப்படுவதில்லை. 2021 மார்ச்சில் ஓர் அவுன்சு ரோடியத்தின் விலை 29,000 டாலரைத் தாண்டியது. இரண்டு மூன்று நாடுகளின் சுரங்க நிலவரம் நம் நாட்டு வாகன விலையை எவ்வாறு அசைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2023 ஜூனில் மைய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இக்குழுமம் இடம்பெற்றது இயல்பே.

2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் இசைவு பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் இத்தேவையை மேலும் கூட்டுகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் உற்பத்தித் திறன் என்பது அதன் இலக்கு. நீரைப் பகுக்கும் சாதனங்களில் சவ்வு வகையைச் சார்ந்தவை பிளாட்டினமும் இரிடியமும் இன்றி இயங்கா. இரிடியத்தின் உலக உற்பத்தியோ ஆண்டுக்கு ஏழு, எட்டு டன் அளவே. எனவே ஒவ்வொரு கிராம் உலோகத்திலிருந்தும் கூடுதல் வேலையைப் பெறுவது எங்ஙனம் என்பது ஆய்வுக்கூடத்தோடு முடியும் வினாவன்று. அது அன்னியச் செலாவணி பற்றிய வினாவுமாகும்.

வேலை செய்யாத அணுக்கள்

வினையூக்கியின் வேலை முழுவதும் அதன் மேற்பரப்பில் நடைபெறுகிறது. உலோகத் துகளின் உள்ளே அடைபட்டுள்ள அணுக்கள் வாயுவைத் தொடுவதே இல்லை. விலை மட்டும் அவற்றுக்கும் உண்டு. ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பிளாட்டினத் துகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் அணுவே மேற்பரப்பில் உள்ளது. விட்டம் 10 நானோமீட்டராகக் குறைந்தால் பத்தில் ஒன்றும், 2 நானோமீட்டராகக் குறைந்தால் ஏறத்தாழப் பாதியும் மேற்பரப்புக்கு வருகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

துகளைச் சிறிதாக்குவது முதல் வழி. அதன் உட்பகுதியில் அல்லது மேற்பரப்பிலேயே ஒரு பகுதியில் வேறோர் உலோகத்தை வைப்பது இரண்டாம் வழி. இரண்டாம் வழியின் பயன் சிக்கனம் மட்டுமன்று. செம்பும் மென்மையானது, வெள்ளீயமும் மென்மையானது. இரண்டும் கலந்த வெண்கலமோ கடினமானது. வினையூக்கத்திலும் இத்தகைய புதுப்பண்பு தோன்றுகிறது. அருகிலுள்ள வேற்று அணு, பிளாட்டின அணுவின் எலக்ட்ரான் அமைப்பைச் சிறிது மாற்றுகிறது. அணுக்களுக்கு இடையிலான தொலைவையும் மாற்றுகிறது. அதனால் வாயு மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டும் வலிமை மாறுகிறது. மிக வலிவாக ஒட்டினால் விலகாது. மிக மெலிவாக ஒட்டினால் வினைபுரியாது. இரண்டாவது உலோகத்தின் வேலை இந்த வலிமையைச் சீர்செய்வதே.

பெட்ரோலியத் தொழில் இதனை நெடுநாட்களுக்கு முன்பே பயன்படுத்திக்கொண்டது. நாப்தாவைத் தரமான பெட்ரோலாக மாற்ற 1949 முதல் பிளாட்டினம் மட்டும் கொண்ட வினையூக்கி பயன்பட்டது. அதில் கார்பன் படிந்து செயல் விரைவில் குன்றியது. 1960களின் பிற்பகுதியில் ரீனியம் சேர்த்த பிளாட்டின வினையூக்கி வந்தபோது, அதே ஆலை நீண்ட காலம் நிறுத்தமின்றி ஓட முடிந்தது. அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் ஈருலோகத் திரள்களை ஆராய்ந்த ஜான் சின்ஃபெல்ட் 1979ஆம் ஆண்டுக்கான அந்நாட்டுத் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 2014இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் எரிகலக் காரில் பிளாட்டினம்–கோபால்ட் கலப்பு பயன்பட்டது.

நம் நாட்டுக்கு நெருக்கமான சான்றொன்றும் உண்டு. உச்சநீதிமன்றம் 1998இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து டில்லிப் பேருந்துகள் இயற்கை வாயுவுக்கு மாறின. பின்னர் வேறு பல நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இயற்கை வாயுவின் முக்கியக் கூறு மீத்தேன். எரியாமல் தப்பும் மீத்தேனைப் புகைக்குழாயில் ஆக்ஸிஜனேற்றம் செய்வது மற்ற ஹைட்ரோகார்பன்களைக் காட்டிலும் கடினம். அதற்கு ஏற்ற உலோகம் பல்லேடியம். ஆயினும் உயர் வெப்பத்தில் பல்லேடியத் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பருத்துவிடுகின்றன. சிறிதளவு பிளாட்டினத்தைச் சேர்த்தால் இப்பருத்தல் குறைகிறது.

வழக்கமான முறையும் அதன் செலவும்

இத்தகைய துகள்களைத் தயாரிக்கும் வழக்கமான முறை திரவ முறையாகும். இரு உலோகங்களின் உப்புகளை நீரில் கரைத்து, ஒரு வேதிப்பொருளால் அவற்றை உலோகமாக ஒடுக்குவர். துகள்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பாலிமர் போன்ற காப்புப் பொருள் சேர்க்கப்படும். பின்னர்க் கழுவி, வடித்து, உலர்த்திச் சுட வேண்டும். காப்புப் பொருள் முழுவதும் நீங்காவிடில் அது விலையுயர்ந்த மேற்பரப்பையே மூடிவிடும். மேலும் இரு உலோகங்களும் ஒரே வேகத்தில் ஒடுங்குவதில்லை. பொன்னும் பிளாட்டினமும் முந்திக்கொள்ளும், கோபால்ட்டும் நிக்கலும் பின்தங்கும். ஆதலால் ஒரு துகள் முழுவதும் பிளாட்டினமாகவும் மற்றொன்று முழுவதும் கோபால்ட்டாகவும் அமைந்துவிடக் கூடும். சராசரிக் கணக்கில் கலப்பு விகிதம் சரியாகவே இருக்கும். தனித்தனித் துகளில் இராது. இவையன்றி, கழுவிய நீரில் கலந்து வெளியேறும் உலோகத்தை மீட்கும் செலவும் உள்ளது.

இவ்விடர்களிலிருந்து விலகிச் செல்லும் பாதையே ஏரோசால் முறை. வாயுவில் மிதக்கும் திண்ம அல்லது திரவத் துகள்களின் கூட்டம் ஏரோசால் எனப்படும். மூடுபனி, புகை, தூசி யாவும் ஏரோசால்களே. சொல் புதிதாகத் தோன்றினும் செயல் மிகப் பழையது. விளக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை திரட்டும் வழக்கம் தமிழ் வீடுகளில் தொன்றுதொட்டு உள்ளது. எண்ணெய் ஆவியாகிறது, சுடரில் சிதைந்து கார்பனாகிறது, நுண்ணிய கரித்துகள்கள் கருக்கொண்டு மேலெழுகின்றன, குளிர்ந்த தட்டில் படிகின்றன. டயர்த் தொழிலுக்கு வேண்டும் கரும்புகைத் தூளான கார்பன் பிளாக்கும் பேரளவில் இதே தத்துவத்தால் ஆக்கப்படுகிறது.

மூன்று வழிகள்

ஏரோசால் முறையில் ஈருலோகத் துகள் செய்ய இன்று பயிலும் வழிகள் பல. அவற்றுள் ஆவியாக்கிக் குளிர்வித்தல் எளிமையானது. உலையில் உலோகத்தை ஆவியாக்கி, ஆர்கான் போன்ற மந்த வாயுவில் குளிரச் செய்தால் நுண்துகள்கள் உருவாகின்றன. கிரான்க்விஸ்ட், புர்மன் என்னும் இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு அடிப்படைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் ஈருலோகம் எனும்போது இடர் எழுகிறது. வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகி, அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் தாராளமாக ஆவியாகிறது. பிளாட்டினமோ 1,768 டிகிரியில்தான் உருகவே தொடங்குகிறது. ஒரே உலையில் இவ்விரண்டையும் வைத்தால் வெள்ளி ஆவி மட்டுமே வெளிவரும். ஒன்றன்பின் ஒன்றாக இரு உலைகளை அமைத்து, முதல் உலையில் பிறந்த துகளின்மீது இரண்டாம் உலையின் ஆவியைப் படியச் செய்யலாம்; அப்போது உள்ளே ஓர் உலோகமும் வெளியே மற்றோர் உலோகமுமாக, கருவும் ஓடும் போன்ற அமைப்பு கிட்டும். எளிதில் ஆவியாகும் உலோகங்களுக்கே இவ்வழி பொருந்தும்.

இரண்டாவது வழி, உப்புக் கரைசலைத் துளிகளாகத் தெளித்துச் சூடான குழாயினூடே செலுத்துவது. நீர் ஆவியாகிறது, உப்பு சிதைகிறது, ஒவ்வொரு துளியும் ஒரு துகளாக எஞ்சுகிறது. இதன் பெருஞ்சிறப்பு விகிதம் காப்பதாகும். கரைசலில் இரு உலோகங்களும் எந்த விகிதத்தில் உள்ளனவோ அதே விகிதத்தில் ஒவ்வொரு துளியிலும், ஆகவே ஒவ்வொரு துகளிலும் அமைகின்றன. திரவ முறையில் காணப்பட்ட முந்துதலும் பின்தங்குதலும் ஒரு துளியின் எல்லையைத் தாண்ட முடியாது.

எனினும் இவ்வழியில் ஒரு கணக்கு மறைந்துள்ளது. மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்ப்பது நலம். மீயொலித் தெளிப்பான் தரும் துளியின் விட்டம் சில மைக்ரோமீட்டர். 5 மைக்ரோமீட்டர் எனக் கொள்வோம். அதிலிருந்து 10 நானோமீட்டர் துகள் வேண்டுமாயின் விட்டம் 500இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பருமனோ விட்டத்தின் மும்மடி வீதத்தில் மாறுவது. ஆகவே துளியின் பருமனில் பன்னிரண்டரைக் கோடியில் ஒரு பங்கே உலோகமாக இருக்க முடியும், மற்றதெல்லாம் நீர். பிளாட்டினம் போன்ற கனத்த உலோகம் ஒரு கிராம் எடை ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடமே கொள்ளும். அந்த ஒரு கிராமைப் பெற ஏறத்தாழ 6,250 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாக்கும் வெப்பம் மட்டுமே 3,900 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மாதம் 200 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பயன்படுத்தும் மின்சாரம் இது.

இக்கணக்கை அறியாமல் எழுதப்படும் திட்ட முன்மொழிவுகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் சில மில்லிகிராம் கிடைத்ததும் ஆயிரம் மடங்கு பெருக்குவது குழாயைப் பெரிதாக்கும் வேலைதான் என எண்ணுவது தவறு. எளிய தெளிப்பு முறை நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுத் துகளுக்கே இயல்பாகப் பொருந்தும்.

மூன்றாவது வழி மின்பொறி வழி. 1988இல் ஷ்வின், கார்வின், ஷ்மிட்-ஓட் ஆகியோர் இதைப் பற்றிய முன்னோடிக் கட்டுரையை வெளியிட்டனர். எதிரெதிரே வைத்த இரு உலோகக் கம்பிகளுக்கு இடையே சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் பொறி பாய்கிறது. மைக்ரோ வினாடிகளே நீடிக்கும் அப்பொறியில் வெப்பம் பல்லாயிரம் டிகிரியை எட்டுகிறது. எந்த உலோகமும் அதில் ஆவியாகிவிடும். உப்பு வேண்டாம், கரைப்பான் வேண்டாம், கழிவுநீர் இல்லை. ஒரு கம்பி ஓர் உலோகமாகவும் மறு கம்பி வேறோர் உலோகமாகவும் இருந்தால், இரு ஆவிகளும் கலந்து குளிர்ந்து ஈருலோகத் துகளாகின்றன. இரண்டு உலோகப் பொடிகளைக் கலந்து அழுத்திய கம்பியையும் பயன்படுத்தலாம்.

இங்கே வியக்கத்தக்க ஒன்று நிகழ்கிறது. செம்பும் வெள்ளியும் திண்ம நிலையில் ஒன்றில் ஒன்று எளிதில் கரைவதில்லை; உருக்கி ஆற விட்டால் தனித்தனிப் படிகங்களாகப் பிரிந்துவிடும். பிரிவதற்கு அணுக்கள் நகர வேண்டும். நகர நேரம் வேண்டும். பொறியின் ஆவி வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட வேகத்தில் குளிர்வதால் அந்நேரம் கிடைப்பதில்லை. ஒன்று சேராத உலோகங்களும் ஒரே துகளுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஒவ்வாத இணைகளைப் பொறி முறையில் ஒரே துகளில் கலந்து காட்டினர். அத்துகளை மீண்டும் சூடாக்கினால் மேற்பரப்பு ஆற்றல் குறைந்த வெள்ளி வெளியே வந்து ஓடாகப் படியக் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்தபோதிருந்த அமைப்பே வேலை செய்யும்போதும் இருக்கும் என்ற உறுதி இல்லை.

பொறி முறையின் குறை உற்பத்தி அளவு. ஒரு பொறி இடைவெளியிலிருந்து மணிக்குச் சில மில்லிகிராம் என்ற அளவே பொதுவாகக் கிடைக்கும். உணர்கருவி, ஆய்வு மாதிரி, மின்முனைப் பூச்சு ஆகியவற்றுக்கு இது போதும். வாகனத் தொழிலுக்குப் போதாது.

மோதலும் நெருக்கமும்

உற்பத்தியைப் பெருக்க ஏன் முடிவதில்லை? அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. எல்லா ஏரோசால் முறைகளுக்கும் அது பொது. வாயுவில் மிதக்கும் நானோ துகள்கள் ஓயாது அலைகின்றன, மோதுகின்றன, மோதினால் ஒட்டிக்கொள்கின்றன. மோதும் வேகம் எண்ணிக்கையின் இருமடி வீதத்தில் உயர்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கோடித் துகள்கள் இருப்பின் ஓரிரு வினாடிகளில் அவற்றின் எண்ணிக்கை பாதியாகிவிடும்; அதாவது துகள்கள் பருத்துவிடும். இன்னும் நெருக்கினால் இன்னும் விரைவில் பருக்கும்.

நூறு கோடி என்பது பேரெண்ணாகத் தோன்றலாம். அத்துகள்கள் 10 நானோமீட்டர் பிளாட்டினமாயின் ஒரு கன மீட்டர் வாயுவில் அவற்றின் மொத்த எடை 11 மில்லிகிராம் அளவே. ஒரு கிராம் உலோகத்துக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் வாயு வேண்டும். ஏழு கன மீட்டர் கொள்ளும் ஆர்கான் சிலிண்டர்கள் பதின்மூன்று தேவை. வாயுவைத் தூய்மைப்படுத்தி மீண்டும் சுழற்றும் ஏற்பாடு இல்லாத திட்டம் எதுவும் பொருளாதார முறையில் நிலைக்காது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

நெருக்கடியிலிருந்து வெளியேற ஒரு வழி இருக்கிறது: உலோகத்தைத் தனித்து மிதக்க விடாமல், பிறந்த இடத்திலேயே ஒரு தாங்குபொருளில் ஒட்ட வைப்பது. இவ்வழியைச் செயற்படுத்துவது சுடர்த் தெளிப்பு முறை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் சோட்டிரிஸ் பிராட்சினிஸ் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து இதை வளர்த்தது. அலுமினியம், பல்லேடியம், பிளாட்டினம் ஆகிய மூன்றின் சேர்மங்களையும் எரியக்கூடிய கரிமக் கரைப்பானில் ஒன்றாகக் கரைத்து, ஆக்ஸிஜனுடன் நுண்துளிகளாகத் தெளித்து எரிக்கின்றனர். இங்கே துளி முழுவதுமே எரிந்து ஆவியாகிவிடுவதால் முன்னர்க் கண்ட பன்னிரண்டரைக் கோடிக் கணக்கு பொருந்தாது. துகள் துளியின் எச்சமாக அன்றி ஆவியிலிருந்தே பிறக்கிறது. சுடர் சற்றே குளிரும்போது முதலில் அலுமினா திரள்கிறது. மேலும் குளிர்ந்தபின் அரிய உலோகங்களின் ஆவி, அருகே ஏராளமாக மிதக்கும் அலுமினாத் துகள்களின்மீது சில நானோமீட்டர் புள்ளிகளாகப் படிகிறது. புள்ளிகள் வெவ்வேறு துகள்களில் அமர்ந்துவிடுவதால் அவை தம்முள் மோதிப் பருப்பதில்லை. தாங்குபொருளும் உலோகமும் ஒரே படியில் முடிந்துவிடுகின்றன. மேலே குறிப்பிட்ட மீத்தேன் எரிப்புக்கான பல்லேடியம்–பிளாட்டினத் துகள்கள் இம்முறையில் செய்யப்பட்டு 2005இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. அதே குழு 2003இல் சிலிக்காத் துகளை மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் இம்முறையில் ஆக்கிக் காட்டியிருந்தது. மில்லிகிராமிலிருந்து கிலோவுக்கு வந்த இத்தாவலே தொழில்துறை நோக்கில் முதன்மையானது.

இதிலும் செலவு உண்டு. அது இடம் மாறியுள்ளது, அவ்வளவே. கரிமக் கரைப்பானும் அதில் கரையும் கரிம உலோகச் சேர்மங்களும் விலை மிக்கவை. நீரில் கரையும் நைட்ரேட் உப்புகள் மலிவு. ஆனால் அவற்றைப் பயன்படுத்தினால் சுடரின் வெப்பம் தாழ்ந்து, துளிகள் முழுதும் ஆவியாகாமல், பெருந்துகளும் சிறுதுகளும் கலந்து வரும். மலிவான உப்பிலிருந்து ஒரே அளவுள்ள துகளைப் பெறும் கரைசலைக் கண்டறிவது நம் ஆய்வுக்கூடங்களுக்கு உகந்த வேலை. அதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. பொறுமையான வேதியியல் வேண்டும்.

நம் நாட்டின் நிலை

சுடரில் துகளைப் பிறப்பித்துப் பிடிக்கும் தொழில் இந்தியாவுக்குப் புதியதன்று. கேரளத்தின் சவராவில் கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதி முதல், கடற்கரை மணலிலிருந்து பெற்ற டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியை ஆக்ஸிஜனுடன் வினைபுரியச் செய்து வெண்ணிறமி தயாரித்து வருகிறது. மேட்டூரில் சிலிக்கான் சேர்மத்தைச் சுடரிலிட்டு நுண்சிலிக்காத் தூள் செய்யும் ஆலை நிறுவப்பட்டது. இத்தகைய சுடர்ச் சிலிக்காவுக்கு ஜெர்மனியில் வழிகண்ட ஹாரி கிளோப்ஃபரின் காப்புரிமை 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எரிமுனை அமைப்பு, விரைந்து குளிர்வித்தல், துணிப்பை வடிகட்டியில் தூளைப் பிடித்தல் ஆகிய திறன்கள் இவ்வாலைகளின் பொறியாளர்களிடம் உள்ளன. நானோ அறிவியல் ஆய்வுக்கென 2007இல் தொடங்கப்பட்ட நானோ இயக்கம் பல்கலைக்கழகங்களில் கருவிகளையும் ஆய்வாளர்களையும் பெருக்கியது. எரிகல ஆய்வுக்கென ஐதராபாத்தின் தூள் உலோகவியல் ஆய்வு மையம் சென்னையில் ஒரு பிரிவு நடத்துகிறது. ஒருபுறம் ஆலை, மறுபுறம் ஆய்வுக்கூடம். இவ்விரண்டுக்கும் நடுவில் நாளொன்றுக்குச் சில கிலோ தயாரிக்கும் முன்னோடி நிலையங்கள் அரிதாகவே உள்ளன. ஆய்வு மானியம் அந்த அளவுக்கு எட்டுவதில்லை. வங்கிக் கடன் அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

விகிதத்தை எளிதில் மாற்றவல்ல தன்மை இம்முறையின் பொருளாதாரச் சிறப்பாகும். 2017 செப்டம்பரில் பல்லேடியத்தின் விலை பிளாட்டினத்தின் விலையை முந்தியது; அந்நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதுவரை மலிவான மாற்று என்று கருதப்பட்டது விலை மிகுந்ததாயிற்று. சுடர் முறையில் இரு உலோகங்களின் விகிதத்தை மாற்ற ஆலையை மாற்ற வேண்டியதில்லை. கரைசலை மாற்றினால் போதும். இந்த நெகிழ்வை முழுதும் பயன்படுத்த வாகனச் சான்றளிப்பு முறை இடந்தராது என்பதும் உண்மையே. வினையூக்கியின் உட்கூறு மாறினால் சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். அதற்குள் விலை மீண்டும் மாறிவிடலாம்.

இத்துறையில் திட்டங்களை மதிப்பிடும் அலுவலர்கள் துகளின் விட்டத்தைக் கேட்டு நிறைவடைந்துவிடக் கூடாது. 2 நானோமீட்டர் என்று அறிக்கையில் காணும் எண், துகள் பிறந்த நாளின் எண். வாகனப் புகையின் வெப்பத்திலும் நீராவியிலும் பல நூறு மணி நேரம் கிடந்தபின் அத்துகள் எவ்வளவு பருத்தது, அப்போது ஒரு கிராம் உலோகம் எவ்வளவு வாயுவை மாற்றியது என்பனவே விலைக்கு ஈடான எண்கள். கரைசலில் இட்ட உலோகத்தில் எத்தனை பங்கு வடிகட்டியில் கிடைத்தது, எத்தனை பங்கு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது என்பதையும் கேட்க வேண்டும். சாதாரணப் பொருளில் பொறுத்துக்கொள்ளத்தக்க சேதாரம் பிளாட்டினத்தில் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும். பொற்கொல்லர் பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியையும் விற்பதன் காரணம் இதுவே.

தொழிலாளர் நலன் பற்றியும் சில சொற்கள். நானோ துகள் நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லவல்லது. பணியிடக் காற்றிலுள்ள தூசியைக் கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என எடையால் அளப்பது மரபு. மேலே கண்டபடி 11 மில்லிகிராமில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு கோடித் துகள் அடங்குமாதலால், எடைக் கணக்கில் சிறிதாகத் தோன்றுவது எண்ணிக்கையில் மிகப் பெரிதாகலாம். ஆகவே இவ்வாலைகளில் துகள் எண்ணும் கருவி இன்றியமையாதது. வடிகட்டியைப் பொறுத்தவரை அச்சம் சற்றுக் குறைவு. மிகச் சிறிய துகள் வடிகட்டியில் தப்பிவிடும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இழை வடிகட்டிகளில் பிடிபட மிகக் கடினமானவை 0.1 முதல் 0.3 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள். அவற்றினும் சிறியவை அலைந்து அலைந்து தாமே இழையில் ஒட்டிக்கொள்கின்றன. ஆபத்து பெரும்பாலும் வடிகட்டியினூடே வருவதில்லை. வடிகட்டிப் பையைக் கழற்றித் தூளைக் கொட்டும்போதே வருகிறது. கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் காப்பற்ற நுண்தூள் காற்றுப்பட்டதும் தீப்பற்றக் கூடியது. ஆதலின் சேகரிக்கும் கலத்துள் சிறிது சிறிதாக ஆக்ஸிஜனைச் செலுத்தி, துகளின்மீது மெல்லிய ஆக்ஸைடுப் படலம் உருவான பின்னரே கலத்தைத் திறப்பது வழக்கம்.